விளக்கில் ஒளிர்ந்த வெள்ளை நாடா

கெசினெ லூர்ஸின் பதக்கங்கள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. எடை, கிராமில் இரண்டு தசமம் வரை. அகலம், மில்லிமீட்டரில். வளையத்தில் செய்தவரின் முத்திரை இருந்தால் அது. யார் கையிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்பது கடைசி வரி. அந்தக் கடைசி வரி காலியாக இருக்கும் பதக்கத்தை அவள் வாங்கவே மாட்டாள்.

வட ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் ஃபிஷர்குரூபெ தெருவில் 1962 முதல் 2001 வரை சலவைக்கடை நடத்தியவள் அவள். பதக்கங்களைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1967 பிப்ரவரியில், கடைக்கு வந்த சாம்பல்நிற மேல்கோட்டு ஒன்றின் உட்துணிக்குள் ஏதோ கனத்தது. தையலைப் பிரித்தாள். கறுப்பு இரும்பில் ஒரு சிலுவை, நீல நாடாவின் ஓரங்களில் சிவப்பு. கோட்டைக் கொடுத்தவர் திரும்ப வரவில்லை. ஆறு மாதம் காத்திருந்து, அது என்ன பதக்கம் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். முதல் உலகப் போரில் ஓல்டன்பர்க் என்ற குட்டி அரசு கொடுத்தது என்று தெரிய நான்கு மாதம் பிடித்தது. கோட்டைத் தைத்த கடையின் துணிச்சீட்டை வைத்துச் சொந்தக்காரரைத் தேடிப் பிடிக்க இன்னும் ஒன்றரை வருஷம். அவர் இறந்துவிட்டிருந்தார். அய்ட்டின் என்ற ஊரில் அவருடைய மனைவியின் உள்ளங்கையில் சிலுவையை வைத்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வந்தாள். ஆக, அவளைச் சேகரிப்பாளராக ஆக்கிய பதக்கம் அவளுடைய சேகரிப்பில் இல்லை.

"ஊரான் வீட்டு இரும்பைத் தேடி ஊர் ஊரா அலையறியே, நம்ம வீட்டு இஸ்திரிப்பெட்டி அங்க புகையுது பாரு" என்பார் அவள் கணவர் கிளாஸ். அப்படிச் சொல்லிக்கொண்டே அட்டைப் பெட்டிகள் வைக்க அலமாரி செய்து கொடுத்தவரும் அவரேதான்.

நகரத்துப் பதக்கச் சேகரிப்பாளர் சங்கத்தில் பத்தொன்பது உறுப்பினர்கள். பதினெட்டு ஆண்கள், ஒரு கெசினெ. மாதத்தின் முதல் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு, ட்ராவெ ஆற்றங்கரையில் ஒரு பீர்க்கடையின் பின்னறையில் கூடுவார்கள். 1988 முதல் சங்கத்தின் பதிவேடு அவள் கையில். சோதனைக்கு வரும் பொருள் அசலா, போலியா என்று முடிவானதும் அவள் மையால் எழுத வேண்டும். தலைவர் ஒரு கையெழுத்து, அவள் ஒரு கையெழுத்து. எழுதியதை அடிக்கக்கூடாது, அழிக்கக்கூடாது. அந்தப் பதிவேட்டில் போலி என்று ஏறிவிட்ட பொருளை ஹாம்பர்க்கிலிருந்து கீல் வரை எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார். சங்கத்துக்கு அது பெருமை. அவளுக்கும்தான்.

2007 அக்டோபர் ஆறாம் தேதி மேஜையில் வழக்கமான சாமான்கள். அந்த நாட்டில் பொதுவில் காட்டினால் குற்றம் என்பதால், இரண்டாம் போர்க்காலத்துப் பதக்கங்களில் இருந்த ஸ்வஸ்திகாக்களின் மேல் தலைவர் கார்ஸ்டன்ஸ் வழக்கம்போல் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் வரி அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காகிதத் துண்டுகள்கூட ஒரே அளவில் இருக்கும்.

மூன்று மணிக்குக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தாள். பெயர் தோரா எக்கர்ஸ், வயது எண்பத்து நான்கு. காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, அதற்குள்ளிருந்து துணியில் சுற்றியதை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரே பட்டையில் தைத்த மூன்று பதக்கங்கள்.

"எங்க அப்பாவோடது. ஹின்ரிச் எக்கர்ஸ்னு பேரு. முதல் போர்ல ஆஸ்பத்திரி ரயில்ல நாலு வருஷம் வேலை பார்த்தவர். நவம்பர்ல நீங்க கண்காட்சி வைக்கறீங்களாமே, அதுல இதையும் வைக்க முடியுமா?"

முதலில் இருந்தது இரும்புச் சிலுவை. ஆனால் நாடா வேறு மாதிரி. போர்முனையில் சண்டையிட்டவர்களுக்குக் கறுப்பு நாடா, வெள்ளை ஓரம். சண்டையிடாமல் சேவை செய்தவர்களுக்கு வெள்ளை நாடா, கறுப்பு ஓரம். இது வெள்ளை. நூறு கறுப்பு நாடாவுக்கு நடுவில் இப்படி ஒன்றுதான் கண்ணில் படும். அடுத்தது லூபெக் நகரமே தன் ஆட்களுக்குக் கொடுத்த சிவப்புச் சிலுவை, சிவப்பும் வெள்ளையுமான நாடாவில். மூன்றாவது, போர் முடிந்து பல வருஷம் கழித்து, 1934 முதல், போரில் சேவை செய்த எல்லாருக்கும் கொடுத்த சிலுவை. சண்டையிட்டவர்களின் சிலுவையில் குறுக்கே வாள் இருக்கும்; இதில் இல்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி ஒரே ஆளைச் சுட்டின. துப்பாக்கி தூக்காத லூபெக் ஊர்க்காரர்.

கெசினெவுக்குக் கை பரபரத்தது.

"பத்திரம் ஏதாவது இருக்கா அம்மா? பதக்கம் குடுத்தப்ப ஒரு தாள் குடுத்திருப்பாங்களே?" என்று கேட்டார் கார்ஸ்டன்ஸ்.

"நாப்பத்திரண்டுல குண்டு போட்டப்ப வீடு எரிஞ்சுதே, அதோட போச்சு. இந்த டப்பா மட்டும் அப்பா கோட்டுப் பையில இருந்துச்சு."

"சரி. திரையை இழுங்கப்பா."

ஜன்னல்கள் மூடப்பட்டன. கார்ஸ்டன்ஸ் கறுப்பு விளக்கை ஏற்றினார். ஊதா வெளிச்சம் தரும் அந்த விளக்கு சங்கத்தின் உச்ச நீதிமன்றம். பழைய பருத்தியும் பட்டும் அதன் கீழ் மங்கிக் கிடக்கும். துணியைப் பளிச்சென்று காட்டும் வெளுப்புச் சரக்கு வந்ததே இரண்டாம் போருக்குப் பிறகுதான். அது கலந்த புதுத்துணி அந்த விளக்கில் பால்நிலா போல் ஒளிரும்.

வெள்ளை நாடா ஒளிர்ந்தது. சிவப்பு வெள்ளை நாடாவின் வெள்ளைப் பாதியும் ஒளிர்ந்தது. தையல் நூல்கூட ஒளிர்ந்தது.

"அட, கிறிஸ்துமஸ் மரம் மாதிரில்ல எரியுது!" என்றார் ஃபோல்கெர்ட். மீன் ஏலக்கடையில் கூவிக் கூவிப் பழகிய தொண்டை. அவர் நினைத்ததைவிடச் சத்தமாக விழுந்தது.

திரை விலகியது. கார்ஸ்டன்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருத்தமா இருக்கும்மா. சிலுவைங்க பழசுதான். ஆனா நாடாவும் தையலும் புதுசு. யாரோ தனித்தனியா வாங்கி, ஒண்ணாச் சேர்த்துத் தைச்சிருக்காங்க. சிலுவை ஓரத்துல துரு வேற புதுசா ஏத்தியிருக்கு."

"எங்கப்பா கையால எனக்குக் குடுத்ததுங்க."

"அவரே எங்கயாவது வாங்கியிருக்கலாம். அந்தக் காலத்துல அப்படிச் செஞ்சவங்க உண்டு."

தோரா எக்கர்ஸ் எழுந்திருக்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படின்னா எங்கப்பா பொய் சொல்லிட்டாருங்கறீங்க" என்றாள். "ஆஸ்பத்திரி ரயிலு, அதுவும் பொய்தானா?"

ஃபோல்கெர்ட் பீர்க் குவளைக்கு அடியில் இருந்த அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"எழுதுங்க லூர்ஸ் அம்மா" என்றார் கார்ஸ்டன்ஸ். "வரிசை எண் ஆயிரத்து நானூத்திப் பதினேழு. கறுப்பு விளக்கு. போலி."

கெசினெ எண்ணை எழுதினாள். தேதியை எழுதினாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

"எழுத மாட்டேன்."

"என்னது?"

"இப்ப எழுத மாட்டேன். எழுதிட்டா அடிக்க முடியாது."

"பத்தொன்பது வருஷத்துல விளக்கு சொன்னதை நீங்க ஒரு தடவை மறுத்ததுண்டா?"

"இல்ல. அதுதான் எனக்கு இப்பக் கவலையா இருக்கு."

"இஸ்திரிப்பெட்டிச் சூடு தலைக்கு ஏறிடுச்சு போல" என்று ஃபோல்கெர்ட் முணுமுணுத்தார்.

"ஏறட்டும் ஃபோல்கெர்ட். உன் சட்டைக் காலரு விளக்குல எப்படி எரிஞ்சுதுன்னு நீ கவனிக்கல, நான் கவனிச்சேன். புதுச்சட்டையா அது?"

"எங்க, பதினாலு வருஷத்துச் சட்டை."

"அதைத்தான் சொல்றேன். அந்த வெளுப்புச் சரக்கு சலவைத் தூள்லயும் இருக்கு, துவைக்கத் துவைக்கத் துணியில ஏறும்."

அவள் நாற்காலியைத் தோரா எக்கர்ஸ் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். முப்பத்தொன்பது வருஷம் கடைமேடைக்குப் பின்னால் நின்று, கறை எப்படிப் பட்டது என்று வெட்கப்படுகிறவர்களிடம் நயமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல் அவளுக்கு.

"அம்மா, இதை யாராவது எப்பவாவது கழுவினீங்களா?"

தோராவின் முகம் சிவந்தது. "இல்லை" என்றாள், சட்டென்று.

"கழுவியிருந்தா தப்பில்ல."

"தப்புதான். டப்பாவோட வந்த துண்டுச்சீட்டுல போட்டிருந்துச்சு, தண்ணி படக்கூடாதுன்னு. இங்க வர்றதுக்கு முன்னாடி இன்னொருத்தரும் சொன்னாரு, கழுவினா மதிப்பே போயிடும்னு." கைப்பையின் பூட்டை இரண்டு முறை திறந்து மூடினாள். "அறுபத்திரண்டு மார்ச்ல அப்பா போனாரு. சவப்பெட்டிக்கு முன்னாடி சின்ன மெத்தையில வச்சுத் தூக்கிட்டுப் போகணுமே, பதக்கத்தை. கறுப்பு வெல்வெட் மெத்தை. அதுமேல வச்சுப் பார்த்தா, வெள்ளை நாடா புகையிலைக் கலர்ல இருக்கு. அவரு புகைக்குழாய் பிடிப்பாரு. கறுப்பு நாடாக்காரங்க எல்லாம் அவரைக் கேலி பண்ணுவாங்க, வெள்ளைக் கொடி, வெள்ளைக் கொடின்னு. அவருக்கு அந்த வெள்ளையில ஒரு கர்வம். ஒரு குண்டுகூடச் சுடாம வாங்கினதுடி இது, அப்படீம்பாரு. ஊரு முன்னாடி அதை அழுக்கா கொண்டுபோக எனக்கு மனசு வரல. பல்லு தேய்க்கற பிரஷ்ல சலவைத் தூள் நுரையைத் தொட்டு, மேலாப்புல..."

"மேலாப்புல மட்டுந்தானே? பிரிச்சுப் போட்டு ஊறவைக்கலயே?"

"ஐயோ, பிரிக்கவா? அம்மா கையால தைச்சதாச்சே அது!"

கெசினெ எழுந்தாள். "தலைவரே, திரையை இன்னொரு தடவை இழுக்கச் சொல்லுங்க. நாடா பட்டையில மடிஞ்சு போற இடத்தை நாம யாரும் பார்க்கல. புதுத்துணின்னா உள்ள வெளிய எல்லா இடமும் ஒளிரணும். பிரஷ் போட்டிருந்தா, பிரஷ் போன இடம்தான் ஒளிரும்."

கார்ஸ்டன்ஸ் எழுந்தார். பிறகு தானே போய்த் திரையை இழுத்தார்.

பொத்தான் மாட்டும் சின்னக் கொக்கியின் மழுங்கிய முனையால் அவள் வெள்ளை நாடாவின் மடிப்பை மெல்ல, ஒரு விரற்கடை அளவு தூக்கினாள். மேலே ஒளி. மடிப்புக்குள்ளே இருட்டு. இரண்டுக்கும் நடுவே, ஈரம் ஊறிப்போய் நின்ற இடத்தில், கடற்கரையில் அலை விட்டுப்போன தடம் போல ஒரு வளைந்த கோடு. சிவப்பு வெள்ளை நாடாவிலும் அதே கோடு. பின்பக்கம் திருப்பி, தையல் நூலின் முடிச்சைக் காட்டினாள். முடிச்சு மங்கிக் கிடந்தது. அதே நூல், முன்பக்கம் வந்ததும் எரிந்தது.

"துரு?" என்று கார்ஸ்டன்ஸ் கேட்டார். குரலில் இப்போது வரி அதிகாரி இல்லை.

"நுரைத் தண்ணி சொட்டின இடம். பாருங்க, நாடாவுக்கு நேர் கீழ மட்டுந்தான் இருக்கு. அறுபத்திரண்டு மார்ச் மாசத்துத் துரு."

இருட்டில் யாரோ சிரித்தார்கள். பதினெட்டு ஆண்களும் முறைவைத்து வந்து குனிந்து பார்த்தார்கள். ஃபோல்கெர்ட் இரண்டு தடவை பார்த்தார்.

"நாம இத்தனை பேரு லென்ஸும் கையுமா இருக்கோம். ஒருத்தனுக்காவது தன் துணியைத் தானே துவைக்கத் தெரிஞ்சிருந்தா இந்தப் பாடு இல்ல" என்றார். இந்த முறையும் சத்தமாகத்தான்.

கெசினெ பேனாவைத் திறந்தாள். 1417. மூன்று பதக்கம், ஒரே பட்டை, 1935 வாக்கில் கையால் தைத்தது. நாடா அசல், நூல் அசல். ஒளிர்வு: 1962 மார்ச்சில் மேற்புறம் கழுவியதால். அணிந்தவர் ஹின்ரிச் எக்கர்ஸ், ஆஸ்பத்திரி ரயில். கார்ஸ்டன்ஸ் கையெழுத்திட்டார். பிறகு மூதாட்டியின் பக்கம் திரும்பி, குதிகால்களைச் சேர்த்து நின்று, "உங்க அப்பாவைப் பத்தி நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன் அம்மா" என்றார்.

"அவரு இருந்திருந்தா உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டாரு" என்றாள் தோரா. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளுக்காக எதிரில் வைத்திருந்த வெண்ணெய்க் கேக்கை முதல்முறையாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று வாரம் கெசினெவுக்கு வேறு வேலை ஓடவில்லை. விளக்கை மட்டும் நம்பிப் போலி என்று தான் எழுதிய பதிவுகளைத் தேடினாள். 1988 முதல் பதினொன்று. உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டாள்: "உங்கள் பொருளை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பக் கொண்டுவர முடியுமா?" ஏழு வந்தன. மூன்று போலியேதான், மடிப்புக்குள்ளும் ஒளிர்ந்தன. நான்கு கழுவப்பட்டவை. அவற்றில் இரண்டு அதேபோல் சவப்பெட்டிக்கு முன் மெத்தையில் போனவை. பழைய பதிவை அடிக்காமல், நான்கிற்கும் கீழே புதுப்பதிவு எழுதினாள்.

"பத்தொன்பது வருஷம் தப்பா எழுதியிருக்கேன்னு ஊருக்கெல்லாம் தபால் போட்டுட்டு, முகத்துல என்ன இவ்வளவு வெளிச்சம்?" என்றார் கிளாஸ்.

"நாலு பேரோட அப்பா, தாத்தா எல்லாம் யோக்கியங்கன்னு எழுதியிருக்கேன். இதைவிட என்ன வேணும்?"

நவம்பர் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் எக்கர்ஸின் பட்டை நடுவில் இருந்தது. அருகில் கெசினெ எழுதிய அட்டை. அதன் கடைசி வரியைப் படித்துவிட்டுத் தோரா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"மகள் கழுவினாள்னு போட்டிருக்கீங்களே. அதை எடுத்துடுங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

"எடுக்க மாட்டேன். இதுதான் உங்கப்பாவோட பத்திரம். எரிஞ்சுபோன தாளுக்குப் பதிலா."

தோரா பெட்டியருகே ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். கண்காட்சி காலை பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடியது. கெசினெவின் கணக்குப்படி அன்று வந்தவர்கள் இருநூற்று முப்பத்தெட்டுப் பேர். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கடைசியாக வந்த ஒரு தம்பதி அந்தப் பெட்டியின் முன் நின்றார்கள். அவர்கள் அட்டையைப் படித்து முடிப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"வெள்ளை நாடாவைப் பாருங்க. எவ்வளவு வெளுப்பு! நான்தான் கழுவினேன்."