தம்பியின் வரியில் நின்றுபோனது

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்பில் முதல் வாரமே வீட்டு ஆட்களின் பெயரையும் வயதையும் எழுதச் சொன்னார்கள். அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு யாருக்கு என்ன வயது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒன்று கூட்டினால் போதும். பத்தாவதோடு நின்று, வீட்டில் நைட்டி தைக்கிற எனக்கு அதுவே பெரிய விஷயம். கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன்.

இளையவரிலிருந்து எழுதினேன். மகள், தம்பி, நான், அம்மா. தம்பியின் வயதில் கை நின்றது. வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டைப் பார்க்கக் கடையநல்லூர் பஸ் ஏறியவன், பல வருஷமாகியும் திரும்பவில்லை. இருந்தால் என்ன வயது என்று எனக்குத் தெரியும். இருக்கிறானா என்றுதான் தெரியாது. எண் வர வேண்டிய இடத்தில் 'தெரியாது' என்று எழுதினேன்.

எழுதியதை ஓடவிட்டேன். மகள் வந்தாள். தம்பியிடம் நின்றுவிட்டது. திரையில் சிவப்பாக 'டைப் எரர்' என்று ஒரு பிழை. நானும் அம்மாவும் வரவே இல்லை. எங்கள் வீடும் அவனிடத்தில்தான் நின்று கிடக்கிறது, அது இதற்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்தேன்.

சொல்லிக்கொடுக்கும் பெண் குனிந்து பார்த்தாள். "எழுத்தோட எண்ணைக் கூட்டச் சொல்லுதீங்க அக்கா, அது எப்படிக் கூட்டும்? தெரியலைன்னா சைபர் போடுங்க."

போட்டேன். தம்பிக்கு ஒரு வயது என்று வந்தது. நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த, வாயில் எச்சில் ஒழுகும் பிள்ளை. சட்டென்று அழித்தேன். அவன் வரியையே எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் அம்மா வரை வந்தது. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

அன்று சாயந்திரம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாமா வந்திருந்தார். ஆடி அமாவாசைக்கு இறந்துபோன அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது தம்பிக்கும் விட்டுவிடலாம் என்றார்.

"அவன எத்தன காலம் இப்படி அந்தரத்துல வச்சிருப்ப? யோசிச்சுச் சொல்லு ஏட்டி," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். "அழிக்காம, எண்ணும் போடாம, தாண்டிப் போக வழி இல்லையா?"

"ஏன் இல்லாம? கூட்டுததுக்கு முன்னால, இது எண்ணான்னு கேக்கச் சொல்லுங்க. இல்லைன்னா அப்படியே விட்டுரட்டும்."

ஒரு கேள்வியைச் சேர்த்தேன். மகள் வந்தாள். தம்பி, தெரியாது. அவனுக்குக் கீழே நான். எனக்குக் கீழே அம்மா.

திரையைப் போனில் படம் பிடித்து வந்து காட்டினேன். அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"எல்லாத்துக்கும் ஒரு வயசு கூடியிருக்கு. இவனுக்குக் கூடலையே?"

"எண் இருந்தாத்தாம்மா கூட்டும்."

அந்த வரியை விரலால் தடவினாள். பிறகு மாமாவுக்குப் போன் போடச் சொன்னாள்.

"அண்ணே, இந்த ஆடிக்கும் எள்ளுத்தண்ணி அவுகளுக்கு மட்டுந்தான். பிள்ளைய அங்கனயே விட்டுரு."

இப்போதும் அதை ஓடவிடும்போதெல்லாம் தம்பியின் வரியில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நான் எழுதாத ஓர் எண் அங்கே தானாக வந்துவிடாதா என்று.