கோரிப்பாளையத்தில் தீவு மீட்பு

தேர்தல் கூட்டத்தால் கோரிப்பாளையத்தில் எங்கள் பேருந்து நகர வழியில்லை. இறங்கி மேடையோரம் நிற்கிறேன். கடலே இல்லாத மதுரையில், இலங்கையிடமிருந்து தீவை மீட்டே தீருவேன் என்று வேட்பாளர் முழங்குகிறார். விசில் பறக்கிறது.

என் பக்கத்தில், ராமேஸ்வரத்திலிருந்து கட்சிக்காரர்கள் வேனில் கூட்டிவந்த மீனவப் பெண் நிற்கிறார். கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட அவர் கணவர் இலங்கைச் சிறையில் இருக்கிறார்.

"தீவு கெடைச்சிருமாக்கா?" என்கிறேன்.

"தீவ வச்சு நா என்ன செய்ய? எம்புருசன் வந்தாப் போதும் தம்பி."

வேட்பாளர் மேடையிலிருந்து இறங்கியதும் அந்தப் பெண் ஓடிப்போய், புருசனை மீட்டுத் தரும்படி கேட்கிறார்.

மாலையைக் கழற்றியபடி வேட்பாளர் சொல்கிறார்: "அது வெளிநாட்டு விவகாரம்மா. டெல்லிதான் பேசணும்."

அவர் ஏறிய காரின் கண்ணாடி மூடுவதற்குள் அந்தப் பெண் கத்துகிறார்: "அப்ப, தீவு மட்டும் மதுரையிலயாண்ணே இருக்கு?"