முக்காட்டுக்குள் ஹெட்செட்

அன்புச்செல்வி என்ற பேரை நான் முதன்முதல் கேட்டது அன்னவாசல் பஸ்ஸில். என் சின்னம்மா மகன் உடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பொம்பளப்புள்ள பொறந்துருக்குக்கா, அன்புச்செல்வின்னு வச்சாச்சு" என்றான். எங்கள் வகையறாவில் மூத்த பெண்ணுக்குக் குலசாமி பேர்தான் வைப்போம். "யாரைக் கேட்டு வச்சே?" என்றேன். "அவ ஆத்தா வச்சது. மாத்தச் சொன்னா பொறந்த வீட்டுக்குப் போறேங்குறா."

தாயிடம் இருந்த அந்தப் பிடிவாதம் மகளுக்கும் வந்தது.

ஆவுடையார்கோவில் பக்கம் அவளைக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை தமிழ்செல்வன், சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவன். சர்க்கார் வேலைக்கான குரூப் நாலு பரீட்சைக்கு நீ படி, சோத்தை நான் பாத்துக்கிறேன் என்று சொன்ன பையன். அறந்தாங்கி ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான்.

அவளை உள்ளறை மூலையில் பாய் போட்டு, முக்காடு போட்டு உட்காரவைத்தார்கள். கருமாதி முடியும்வரை வாசல்படி தாண்டக் கூடாது. பரீட்சையோ கருமாதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. தமிழ்செல்வன் வைத்திருந்த ஒயர் இல்லாத ஹெட்செட்டை எடுத்துக் காதுக்குள் செருகி, மேலே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மடியில் சேலைத் தலைப்புக்கு அடியில் பாடம் ஓடும் டேப்லெட். கட்டியழ ஆள் வந்தால் பாடத்தை நிறுத்தி ஹெட்செட்டை அதன் பெட்டிக்குள் போடுவாள், சேர்ந்து அழுவாள். அந்த அழுகையில் பொய் கிடையாது. அவர்கள் காப்பி குடிக்கப் போனதும் மறுபடி போடுவாள். பக்கத்திலேயே இருந்த எனக்கு மட்டும் இது தெரியும்.

ஒருநாள் மத்தியானம் கட்டுமாவடிச் சனம் வந்து அழுது முடித்து, முன்னறைக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. கருமாதிக்குச் சொல்லிவிட நம்பர் வேண்டுமென்று, கொழுந்தன் வெற்றிசெல்வன் முன்னறையில் அண்ணன் போனை ஆன் செய்திருக்கிறான். அந்த ஹெட்செட்டுக்குப் பழக்கம் அந்தப் போன்தான். இவள் பெட்டியைத் திறந்ததும் ஹெட்செட் டேப்பை விட்டு அந்தப் போனைப் போய்ப் பிடித்துக்கொண்டது. இவளுக்கு அது தெரியாது. டேப்பைத் தட்டினாள். மடியிலிருந்து ஒரு ஆம்பளைக் குரல் வீடு முழுக்கக் கேட்டது: "கரிசல் மண்ணில் முக்கியமாக விளையும் பயிர் பருத்தி."

நாத்தனார் செங்கமலம் எழுந்துவிட்டாள். "எந்தம்பி சாம்பல் இன்னும் ஆறல. ஒனக்குப் பருத்தி கேக்குதோ?"

அணைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அணைக்கவில்லை. பாயை விட்டு எழுந்து முன்னறைக்குப் போனாள். "தம்பி, அந்தப் போனைக் குடுங்க." அவன் கொடுத்தான். அதில் புளூடூத்தை நிறுத்தினாள். டேப்பில் தேடினாள்; ஹெட்செட் பேர் வந்தது, தொட்டாள். வாத்தியார் குரல் வெளியே கேட்பது நின்று அவள் காதுக்குள் போய்விட்டது. முக்காட்டைத் தோளில் இறக்கிவிட்டாள், ரெண்டு காதும் எல்லாருக்கும் தெரியட்டும் என்று.

"மதினி, அவரு இருந்தா இதை அவரே மாட்டி விட்டிருப்பாரு. இனிமே ஒளிச்சுக் கேக்க மாட்டேன். அழ வர்றவுங்க வரட்டும், நிப்பாட்டிட்டு அழுறேன். ஞாயித்துக்கெழமை பரீச்சைக்குப் போறேன்."

"தாலி அறுத்தவ படி தாண்டுனா ஊரு என்ன சொல்லும்?"

"அதைக் கேக்கத்தான் காதுல எடமில்லையே மதினி."

கட்டுமாவடிக்காரி ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலையில் செங்கமலம் வாசல்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்தாள். வெளியே அவள் அப்பன் உடையப்பன் வண்டியோடு நிற்கிறான். "காலை மடக்குங்க மதினி, மிதிச்சுறப்போறேன்" என்றாள் அன்புச்செல்வி. செங்கமலம் காலை மடக்கினாள்.

அந்தத் தடவை வேலை கிடைக்கவில்லை. சாமி குத்தம் என்று செங்கமலம் ஊரெல்லாம் சொன்னாள். இவள் அடுத்த தடவையும் எழுதினாள்.

இப்போது அன்புச்செல்வி அறந்தாங்கியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர்.