கோட்டுப் பையில் இருந்த ஹெட்போன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா காலத்துப் பிரெஞ்சுக் குடியுரிமை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அதை வைத்துப் பிழைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பாரீசுக்குப் போன புதிதில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். பிறகு அதே தெருவில் சொந்த உணவகம் போட்டேன். தம்பிகளை அழைத்துக்கொண்டேன், தங்கைகளைக் கட்டிக்கொடுத்தேன். காரைக்காலில் கோட்டுச்சேரி சாலையில் மாடி வீடு கட்டினேன். அதில் பின்பக்கம் ஓர் அறைக்கு மட்டும் இரட்டைச் சுவர் வைத்தேன், சத்தம் நுழையாதபடி. கொத்தனார் சிரித்தார். அது என் பேத்தி லேனாவுக்காக.

லேனா என் மகள் கீதாவின் பெண். ஆட்டிசம் என்றார்கள் மருத்துவர்கள். பேச்சு குறைவு, சத்தம் தாங்காது. வெளியே கிளம்பினால் காதை முழுக்க மூடும் நீல ஹெட்போன் மாட்டிக்கொள்வாள். பாரீஸ் புறநகர்ப் பேருந்தில் அவள் கையை உதறிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தனை வருடம் ஆகியும் அது எனக்குப் பழகவில்லை. காரைக்கால் வந்தால், அம்பகரத்தூர் பேருந்தில் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கேட்டுவிடுவார்கள். “பொண்ணு பேசாதாங்க?” “காதுல என்னங்க, பாட்டு ஓடுதா?” “அம்மனுக்கு வேண்டிக்கிட்டீங்களா?” கேட்டுக்கொண்டே ஒரு வாழைப்பழத்தையும் அவள் கையில் திணித்துவிடுவார்கள்.

போன வருடம் லேனாவுக்கு ஆரம்பப் பள்ளி முடிந்தது. அடுத்தது கொலேஜ், நம் ஊர்க் கணக்கில் ஆறாம் வகுப்பு. வீட்டுக்குப் பக்கத்துக் கொலேஜில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய வகுப்பு இருக்கிறது. கீதாவும் மருமகனும் அதைப் பார்த்து வைத்திருந்தார்கள். எனக்கு வேறு எண்ணம். இனிமேல் காரைக்காலில்தான் இருக்கப்போகிறேன் என்று முடிவு செய்திருந்தேன். பேத்தியும் மகளும் என்னோடு இருக்க வேண்டும், லேனா இங்கேயே படிக்க வேண்டும். அறைதான் கட்டியாகிவிட்டதே. கடைசியில் இரண்டு இடத்தையும் பார்ப்பது என்று பேச்சாயிற்று.

முதலில் கொலேஜ். கோட்டு போட்டுக்கொண்டு நானும் போனேன். உள்ளே நுழையும் முன் லேனாவின் ஹெட்போனைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கீதா கவனிக்கவில்லை. தலைமை ஆசிரியை மதாம் கேட்டார், “பயந்தால் இவள் என்ன செய்வாள்?”

“பயமே கிடையாது மதாம், சிங்கம்,” என்றேன்.

மதாம் என்னைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கீதாவிடம் கேட்டார். அதற்குள் மணி அடித்தது. லேனா அலறிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். கீதா ஹெட்போனைத் தேடித் தன் கைப்பையைத் துழாவினாள். மதாம் எழுந்து விளக்கை அணைத்தார், கதவைச் சாத்தினார், தள்ளிப்போய்த் தரையில் உட்கார்ந்தார். பேசவில்லை, தொடவுமில்லை. பிள்ளை அழும்போது பார்த்துக்கொண்டிருக்கிறாரே, என்ன மனுஷி என்று நினைத்தேன். லேனாவை இழுக்கக் குனிந்தேன். மதாம் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார். என் உணவகத்தில் போலீஸ்காரர்கூட என்னை அப்படி நிறுத்தியதில்லை. கொஞ்ச நேரத்தில் லேனா தானாக வெளியே வந்தாள்.

அப்போதுதான் கோட்டுப் பையிலிருந்து ஹெட்போனை எடுத்துக் கொடுத்தேன். வெளியே வந்ததும் கீதா பிடித்துக்கொண்டாள்.

“இது உங்க பாக்கெட்டுக்கு எப்புடிப்பா வந்துச்சு?”

“குறைய மொதல்லயே கடை பரப்பக் கூடாதும்மா. சீட்டு கெடைக்கட்டும், அப்பறம் மெதுவா சொல்லிக்கலாம்.”

“இது என்ன பொண்ணு பாக்குற எடமாப்பா?”

“எல்லா எடமும் பொண்ணு பாக்குற எடந்தான்.”

ஜூலையில் பிரெஞ்சுக் கோடை விடுமுறைக்குக் காரைக்கால் வந்தோம், இங்கே பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. திருமலைராயன்பட்டினம் போகும் வழியில் ஒரு தனியார் பள்ளி. அங்கே மின்விசிறி வாங்கிக் கொடுத்தவன் நான். இம்முறை கீதா கைப்பையைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். அவள் முந்தி இறங்கிய நேரத்தில் லேனாவின் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக் கார் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன். நம் ஊரில் குறையை மறைப்பது இன்னும் அவசியம் அல்லவா.

தாளாளர் வாசலுக்கே வந்தார். “உங்க பேத்திக்கு இல்லாத சீட்டாங்க? நாளைக்கே அனுப்புங்க.” நான் கீதாவைப் பார்த்தேன்.

“பயந்துட்டா என்னங்க செய்வீங்க?” என்று கேட்டாள் கீதா.

“அதெல்லாம் தானா பழகிடும்மா. முன் பெஞ்சுலயே உக்கார வச்சிடுவோம்.”

இங்கேயும் மணி அடித்தது. லேனா தரையில் விழுந்து அலறினாள். பள்ளிக்கூடமே கூடிவிட்டது. ஒருவர் விசிறினார், ஒருவர் விபூதி பூசினார், ஆயா செம்புத் தண்ணீரோடு வந்து, “ஏன் தங்கம் அழுவுற, ஆரு என்ன சொன்னா?” என்று மாரோடு அணைத்தார். லேனா அவர் கையைக் கடித்துவிட்டாள். “புள்ளதானே, பரவால்லீங்க,” என்றார் அந்த அம்மாள். அத்தனை பேரும் அன்பானவர்கள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் சேரச் சேர அலறல் கூடியது. என்னையறியாமல் மதாம் போலவே உள்ளங்கையைக் காட்டினேன். “ஐயா தண்ணி வேணாங்குறாரு,” என்று ஆயா செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் நகரவில்லை. கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினோம்.

ஹெட்போன் மாட்டி அவள் அடங்கிய பிறகு, கீதா வாயைத் திறக்கும் முன் நான்தான் சொன்னேன்: “கொலேஜுக்கே போகட்டும்.”

“நெசமாத்தான் சொல்றீங்களாப்பா? நீங்க இங்க தனியா இருந்துடுவீங்களா?”

“நான் சொன்னா சொன்னதுதான்.”

இப்போது லேனா அங்கே, நான் இங்கே. இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், அங்கே அவள் கொலேஜுக்குள் நுழையும் நேரம். பாதித் தெருவுக்கு ஒலிபெருக்கி கட்டியிருக்கும் நாட்களில் நான் அந்த இரட்டைச் சுவர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் விட்டுப்போன பழைய ஹெட்போன் ஒன்று அங்கே ஆணியில் தொங்குகிறது. மாட்டிக்கொண்டால் காரைக்காலும் கேட்பதில்லை, பாரீசும் கேட்பதில்லை.

போன வாரம் கீதா என் தங்கையிடம் போனில், “நானும் அவரும் அலைஞ்சு பாத்துச் சேத்தோம் அத்தை,” என்று சொன்னாளாம். அவர் என்றால் மருமகன். கீதா, இதை நீயும் படிப்பாய். பிள்ளையை அழவிட்டது எனக்கும் வலித்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் அவள் காதில் ஹெட்போன் இருந்திருந்தால் இரண்டு பள்ளியும் உனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். கழற்றியவன் நான். என் வீட்டில் பேத்தி இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுக்கொடுத்தவனும் நான். இனி யார் கேட்டாலும், “அப்பாவும் சேர்ந்துதான் பார்த்தார்” என்று சொல்.