பேண்டேஜ் துணி போன இடம்

சத்திரப்பட்டி குருவம்மாளுக்குச் சந்தேகம் தாய்ப்பாலோடு வந்தது. கடையில் தராசைத் தட்டிப் பார்ப்பாள், பால்காரன் செம்பில் விரலை விட்டுப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஆண்டவன் கடலுக்குப் போகிற புருஷனைக் கொடுத்தான்.

பால்சாமி ராஜபாளையத்தில் மில் ஃபிட்டராக இருந்தவன். மில்லைக் கதவடைத்த பிறகு, எண்பத்தைந்தில், கொச்சியில் ஒரு கடல் ஆராய்ச்சிக் கப்பலில் சேர்ந்தான். ஆழ்கடலில் வலையை இறக்கித் தூக்குகிற வின்ச் அவன் பொறுப்பு. வெயில் எட்டாத ஆழத்திலிருந்து மனுஷர் கண்ணில் படாத உயிர்களெல்லாம் அந்த வலையில் வருமாம். போனால் மாதக்கணக்கில் ஆளைக் காணோம். மகள் அழகுத்தாய் பிறந்தபோதும் கடலில்தான் கிடந்தான். அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. அப்போதும் தூக்கவில்லை, பிறகு வந்த லீவுகளிலும் தூக்கவில்லை. இரும்பு வடம் பிடித்த கை பிள்ளைக்கு உறுத்தும் என்றான்.

அதைக்கூடக் குருவம்மாள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம், வீட்டுத் தறியில் அவள் ஓட்டிய பேண்டேஜ் துணியில் மெத்தென்று இருப்பதாகப் பார்த்துச் சுருட்டிக்கொண்டு போனான்.

"கப்பல்ல யாருக்கு அம்புட்டுக் காயம்?"

"காயத்துக்கு இல்லட்டி. புதுசா வருத உசுருகளச் சுத்தி வைக்க. ஒண்ணோட ஒண்ணு உரசுனா காலு, மீசையெல்லாம் ஒடிஞ்சிரும். பொறவு என்ன சாதின்னு கண்டுபிடிக்க ஏலாது."

பக்கத்துத் தறி பரிபூரணம் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "மீனுக்குத் துணி சுத்துதாகளாம்! மெத்துன்னு துணி நம்ம ஊர்ல எதுக்குக் கேப்பாக? பச்சப்பிள்ளைக்குத்தான்."

அது வாஸ்தவம். அந்தத் தெருவில் பிறக்கிற பிள்ளைகளை முதலில் சுற்றுவது அந்தத் துணியில்தான். குருவம்மாளுக்கு வயிறு எரிந்தது. கொச்சியில் எவளோ ஒருத்தி, அவள் மடியில் ஒரு குழந்தை, அது கிடப்பது என் துணியிலா!

புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற பெருமாள் மலைக்கு அவனை இழுத்துப் போய், பெருமாள் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். கூட்டம் வேடிக்கை பார்க்க, அவன் உள்ளங்கையால் அணைத்தான். கை நடுங்கவில்லை. நடுங்காததே அவளுக்கு அடுத்த சந்தேகமாகிவிட்டது.

இனி சாமியை நம்பிப் பயனில்லை என்று, அந்தத் தடவை துணியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைச் சேர்த்து ஓட்டிக் கொடுத்தாள். கப்பல் கரைக்கு வரும் சமயம் பார்த்து, பேசத் தொடங்கியிருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கொச்சிக்கு பஸ் ஏறினாள்.

ஆராய்ச்சி நிலைய வாட்ச்மேன் அவளைக் கூட்டிப்போய் விட்ட அறையில் மருந்து நெடி கண்ணைக் கரித்தது. பால்சாமி முதுகைக் காட்டி நின்றான். மேசை நிறைய கண்ணாடி ஜாடிகள், ஜாடிக்குள் துணிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நூல் ஓடியது. குருவம்மாள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். பெருமாளே, என் புத்தியைச் செருப்பால் அடி!

பால்சாமி ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே குங்குமச் சிவப்பில் ஓர் இறால், மயிரிழை போல நீள நீளக் கால்கள். பக்கத்தில் நின்ற அதிகாரி லென்ஸை வைத்துப் பார்த்து, "இது புதுசுதான் பால்சாமி, பேரே கிடையாது" என்றார். பால்சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கையைத் தலைக்கடியிலும் ஒரு கையை வாலுக்கடியிலும் கொடுத்து, மூச்சை அடக்கி, அதைத் தூக்கினான்.

தணிந்த வயிறு மறுபடி எரிந்தது, முன்னைவிட மோசமாக.

"எவளாச்சும் இருந்திருந்தா மயித்தப் பிடிச்சு இழுத்துப் போட்டுட்டு உங்களக் கூட்டிட்டுப் போயிருப்பேன்," என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"எம்பிள்ளைய என்னைக்காச்சும் இப்படித் தூக்குனீகளா?"

பால்சாமி இறாலைத் தட்டில் கிடத்தினான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, மகளை நோக்கி நீட்டினான்.

அழகுத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தாயின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டாள்:

"யாரும்மா இது?"