ஏழாவது வரிசையில் மூன்று மரங்கள்

எங்கள் ஆணையத்தில் வெர்னன் டல் என்றாலே எல்லோருக்கும் எரிச்சல். வெளிநாட்டு அரசுகள் பறித்துக்கொண்ட சொத்துக்கு அமெரிக்கர்கள் கேட்கும் இழப்பீட்டை ஆராய்வது அவர் வேலை. பத்திரம் இல்லையா, மனு தள்ளுபடி. சுருக்கெழுத்துக்காரியான நான் அவருக்குக் கல்நெஞ்சர் என்றே பெயர் வைத்திருந்தேன்.

1969இல் ஹாரியட் கேலார்ட் என்ற விதவை புளோரிடாவிலிருந்து பேருந்தேறி வாஷிங்டன் வந்தார். கியூபாவில் இருந்த அவருடைய ஆரஞ்சுத் தோப்பை அந்த நாட்டு அரசு சில வருடங்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. கைப்பையோடு ஓடிவந்தவரிடம் பத்திரம் ஏது? வெர்னன் தள்ளுபடி செய்ததை எதிர்த்து நேர்விசாரணை கேட்டிருந்தார்.

“ஜெயிச்சாலும் பணம் வராதும்மா. கியூபா எதுவும் கொடுக்கல. நாங்க தர்றது வெறும் சான்றிதழ்தான்” என்றார் வெர்னன்.

“தெரியும் தம்பி. தோப்பு இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க, போதும். என் மருமகனே என்னைப் புளுகுணிங்கறான்.”

கண்ணை மூடிக்கொண்டு தோப்பின் பன்னிரண்டு வரிசைகளையும் சொல்ல ஆரம்பித்தார். எந்த வரிசையில் எத்தனை மரம், எந்தப் புயலில் எது விழுந்தது, எல்லாம். எனக்கு மூன்று பென்சில் தேய்ந்தது.

வெர்னன் விசாரணையை ஒரு வாரம் தள்ளிவைத்தார். அதற்குள் எங்கெங்கோ அலைந்து, பறிபோவதற்குச் சற்று முன் விமானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அப்படித் தேடச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அடுத்த விசாரணையில் பூதக்கண்ணாடியும் கையுமாக அந்தப் படத்தை என் குறிப்போடு ஒப்பிட்டார். விழுந்த மரங்களின் இடமெல்லாம் அச்சு அசலாக அங்கே காலியாக இருந்தது.

ஏழாவது வரிசையில் அவர் விரல் நின்றது.

“இருபத்தேழு மரம்னு சொன்னீங்க. படத்துல முப்பது இருக்கே?”

போச்சு, ஓரிடத்தில் பிசகினால் மொத்தமும் பொய்யென்று ஒதுக்கிவிடுவாரே என்று எனக்குத் திக்கென்றது.

“கடைசி மூணும் யூசேபியோவோடது தம்பி. எங்ககிட்ட பழம் பறிச்சவன். அவன் மக கல்யாணத்துக்குக் குடுத்துட்டேன்.”

“எழுத்துல குடுத்தீங்களா?”

“வாய்ச்சொல்தான். அதுக்காக? குடுத்ததை என்னோடதுன்னு எப்படிச் சொல்றது?”

வெர்னன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து நின்றார். மனுதாரருக்காக அந்த மனிதர் எழுந்து நான் பார்த்ததே இல்லை. என்னையறியாமல் நானும் எழுந்துவிட்டேன்.

சான்றிதழை மறுநாள் நான்தான் தட்டச்சு செய்தேன். ஏழாவது வரிசை: இருபத்தேழு மரங்கள்.