கொருக்குப்பேட்டை மனு

சட்டமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த வாரத்தில், தண்டையார்பேட்டையில் இருந்த எம்.எல்.ஏ. அலுவலகத்தைக் காலி செய்தார்கள். ஐந்து வருடமும் அங்கே தட்டச்சு செய்தவள் ரமாபாய். வியாசர்பாடிக்காரி. முதியோர் பென்ஷனோ, அடைத்துக்கொண்ட சாக்கடையோ, வருகிறவர்கள் சொல்லச் சொல்ல மனுவாக அடித்து, தேதி முத்திரை குத்தி வாங்கி வைப்பாள்.

"பழைய பேப்பரெல்லாம் கொளுத்திடு. ஒண்ணு கூட மிஞ்சக் கூடாது, இன்னா?" என்றான் எம்.எல்.ஏ.வின் உதவியாளன் வேம்பு.

கட்டுகளைப் பிரித்தபோது அந்த மனு கையில் வந்தது. கொருக்குப்பேட்டை கோவிந்தம்மாவும் தெருக்காரர்களும் கொடுத்தது. வீடுகளுக்கு நடுவே ஒரு கிடங்கில் ரசாயன டிரம்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள், மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தது. அதை வைத்துச் சட்டமன்றத்தில் கேட்க ஒரு கேள்வியையும் ரமாபாய்தான் தட்டச்சு செய்தாள். எம்.எல்.ஏ. கடைசிவரை அதைக் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்துக் கிடங்கு எரிந்தது. கோவிந்தம்மாவின் மகனும் இன்னும் சிலரும் செத்துப்போனார்கள். கோவிந்தம்மாவிடமிருந்த மனுவின் நகலும் வீட்டோடு எரிந்துவிட்டது. இப்போது நடக்கும் விசாரணையில், யாரும் புகாரே கொடுக்கவில்லை என்று கிடங்குக்காரர்கள் சாதிக்கிறார்கள்.

வேம்பு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். ரமாபாய் மனுவையும் கேள்வி அடித்த தாளையும் மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். மூன்றாம் நாள் வேம்புவே வந்து அவள் வீட்டு வாசலில் நின்றான்.

"இன்னா ரமாபாய், கொளுத்தறதுக்கு முன்னாடி எண்ணுனேன், கணக்குல ஒரு மனு இடிக்குதே. நீ எதுனா எடுத்தியா?"

"நான் இன்னாத்துக்கு எடுக்கப்போறேன்ணா? எல்லாம் எரிச்சாச்சு."

"எரிச்சா சரி. உன் வூட்டுக்காரரு ஹார்பர்ல லாரி ஓட்டுறாரு. ரோடெல்லாம் கண்டெய்னரு. பாத்து ஓட்டச் சொல்லு."

அவன் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கணவன் ஜெயவேல் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கிழிச்சிப் போட்டுடவா? எனக்குப் பயமா கீது."

ஜெயவேல் மனுவை முழுக்கப் படித்தான். கீழே கையெழுத்துகளுக்கு நடுவே கோவிந்தம்மாவின் கைநாட்டு இருந்தது.

"எனக்குந்தான் பயமா கீது. அந்தம்மா கைல வேற இன்னா கீது சொல்லு? நாளைக்கு லீவு போடறேன். ரெண்டு பேரும் போய்க் குடுத்துட்டு வந்துடலாம்."

மறுநாள் ஜெயவேலோடு விசாரணை அதிகாரியின் அறைக்குள் போய், இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தாள். கிடங்குக்காரர்களின் வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

"இதை யார் தட்டச்சு செய்தது?" என்று கேட்டார் அதிகாரி.

ரமாபாய் ஓரடி முன்னால் வந்து, "நான்தான் சார். முத்திரை குத்துனதும் நான்தான்" என்றாள். பெஞ்சில் இருந்த கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

புகார் முன்பே வந்திருந்தது என்று அறிக்கையில் பதிவானது. கிடங்கின் உரிமம் ரத்தானது. செத்தவர்களின் வீடுகளுக்கு இழப்பீடும் கிடைத்தது. எம்.எல்.ஏ.வை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. புதிதாக வந்தவரின் அலுவலகத்தில் ரமாபாய்க்கு வேலை கொடுக்கவும் தயங்கினார்கள். இப்போது விம்கோ நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு தட்டச்சு செய்கிறாள். வேம்பு அதற்குப் பிறகு வரவேயில்லை. இருந்தாலும், ஜெயவேல் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்கிறவரை அவளுக்கு வேலை ஓடாது.